பத்துமலையில் 49ஆவது நாள்

தைப்பூசத்தன்று பத்துமலையைப் பார்க்காத மலேசியத் தமிழர் இருக்க மாட்டார். நேரில் இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பார். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?

அந்த நேரத்தில் நம் ஊரில் முழுதாக விடிந்திருக்காது. 42.7 மீட்டர் உயர முருகன் பொன்னிறமாகத் தெரிய மாட்டார். சாம்பல் நிறத்தில், பெரியதொரு நிழலாக நிற்பார். பூக்கடையில் ஒருவர் பாதிக் கதவைத் தூக்கிவிட்டு முந்தைய நாள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருப்பார். புறாக்கள் இன்னும் கூட்டமாக இறங்கியிருக்காது. சுற்றுப்பயணிகளின் பேருந்து வர நேரம் இருக்கிறது. படிகளில் மட்டும் ஆள் நடமாட்டம் இருக்கும். காலணிப் பட்டையை இறுக்கிக் கட்டிய இளைஞர்கள், துண்டைக் கழுத்தில் போட்ட சீனப் பெரியவர்கள், குழந்தைக்கு மொட்டை போட வந்த ஒரு குடும்பம். அப்புறம் குரங்குகள். குரங்குகளுக்கு ஞாயிறு, திங்கள் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இந்தக் காட்சியை எனக்கு அறிமுகப்படுத்தியது பக்தி என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அறிமுகப்படுத்தியது ஓர் இரத்தப் பரிசோதனை.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். நான் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பால்குடம் எடுத்தேன். 48 நாள் விரதம். விடியற்காலைப் பச்சைத்தண்ணிக் குளியல், ஒரு வேளைச் சைவச் சாப்பாடு, தரையில் பாய், இரவு பத்து மணிக்குப் படுக்கை, கோபமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. சுங்கை பத்து ஆற்றோரம் குளித்து, பால்குடத்தைத் தலையில் ஏற்றி, 272 படிகளையும் ஏறினேன். வேண்டுதல் ஒன்றுதான். மூன்றாவது பால்குடம் எடுத்த மூன்றாவது வாரம், மாசி மாதத்தில், அம்மா போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டுச் சாமி விளக்கை ஏற்றியது அண்ணிதான். நான் ஏற்றவில்லை.

ஆனால் என் தொழில் என்னை விடவில்லையே! அடுத்த தைப்பூசத்துக்கு வழக்கம்போல நேரடி ஒலிபரப்பு. ஜாலான் துன் எச்.எஸ். லீ ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்ட ரதம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கடந்து வருகிறது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து "வெற்றிவேல் முருகனுக்கு" என்கிறேன். "அரோகரா" என்று மலை அதிர்கிறது. என் குரலில் எந்தப் பிசிறும் இல்லை. பயிற்சி பெற்ற குரல் அல்லவா, அதற்குப் பொய் சொல்லவும் தெரியும்.

அன்று வாட்ஸ்அப்பில் வந்த நூற்றுக்கணக்கான குரல் பதிவுகளில் ஒன்று இப்படி இருந்தது. இளம்பெண்ணின் குரல். பல்கலைக்கழகத்தில் படிப்பதாகச் சொன்னாள். "அக்கா, எனக்கு இந்த வருஷம் சாமி கும்பிடவே பிடிக்கல. வீட்டுல சொல்ல முடியல. நீங்க இவ்வளவு அழகா பேசுறீங்க. உண்மையிலேயே நம்பித்தான் பேசுறீங்களா?"

அந்தப் பதிவை நான் ஒலிபரப்பவில்லை. பதிலும் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

கோபம் வந்தால் சாமியை விட்டால் போதும். நான் விரதத்தோடு வந்த அத்தனையையும் சேர்த்து விட்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பத்து மணித் தூக்கம் போயிற்று. நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் மாமாக் கடை, ரொட்டி சானாய், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். ஒன்று போதாமல் இரண்டு. ஓராண்டு இப்படியே ஓடியது. ஒரு நாள் தலைசுற்றி மருந்தகத்துக்குப் போனபோது, மருத்துவர் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டினார். 6.1. "இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறீர்கள்" என்றார். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். இந்தத் தகவலை நானே எத்தனையோ முறை வானொலியில் படித்திருக்கிறேன். அம்மாவின் கையில் ஊசி ஏறும் இடத்தைப் பார்த்தவள் நான். அன்று காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நடக்கச் சொன்னார். பூங்காவுக்கு இரண்டு முறை போனேன். ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சலிப்புத் தட்டியது. மூன்றாவது வாரம் செந்தூலில் கொமுட்டர் ஏறினேன். பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வாஹ்யு, அடுத்தது பத்து கேவ்ஸ். எங்கே போகிறேன் என்று முடிவெடுத்த ஞாபகம்கூட இல்லை. கால்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் அதுதான். இறங்கும்போது எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன்: உடற்பயிற்சிக்கு மட்டும்தான், உள்ளே போகப்போவதில்லை.

1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. தம்புசாமிப் பிள்ளை காலத்துப் பக்தர்களுக்குப் படி கிடையாது; மரப்படிகள் போட்டதே 1920இல்தான். மேடும் கல்லுமாக இருந்த சரிவில் அவர்கள் எப்படி ஏறினார்களோ! நான் சிமெண்டுப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அன்று நான்கு இடங்களில் நின்றேன். பால்குடத்தோடு நிற்காமல் ஏறியவள்தான் நான். 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது எழுந்த சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கும் அப்போது பிடிக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்கும்போது அந்த வண்ணங்கள் உதவுகின்றன. அடுத்த நிறம் வரை, அடுத்த நிறம் வரை என்று ஏறலாம்.

மூன்றாவது முறை நின்றபோது ஒரு சீனப் பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். எழுபது வயதாவது இருக்கும். "பெலான் பெலான் லா, அடிக்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பாதியில் இருக்கும்போதே அவர் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். பத்தாண்டுகளுக்கு மேலாக வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஏறுகிறாராம். மேலே போனதும் ஒரு கும்பிடு. "இவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம்" என்று மலாயில் சொன்னார். முருகனைத்தான் சொன்னார். ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

உச்சியில், குகை வாயிலில், கடைசிப் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே வாயைத் திறந்த பெரிய இருட்டு. சுண்ணாம்புப் பாறையிலிருந்து சொட்டும் தண்ணீர். இன்னும் உள்ளே போய்ச் சில படிகள் ஏறினால், கூரை திறந்த இடத்தில் வள்ளி தெய்வானை சன்னதி இருக்கிறது. வெயில் ஏறியதும் அங்கே வெளிச்சம் தூண் போல இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம். அன்று போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, என்னைப் போலவே கடைசிப் படியோடு நின்றுவிடும் இன்னொருவரைக் கவனித்தேன். இருபத்து நான்கு வயதுத் தம்பி. நண்பர்களோடு படியில் ஓடிப் பயிற்சி செய்வான். நண்பர்கள் உள்ளே போய்த் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். இவன் தண்ணீர்ப் போத்தலைக் குரங்கிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு வெளியே நிற்பான். ஒரு நாள் அவனே கேட்டான்.

"அக்கா, நீங்களும் உள்ள போறதில்லையா?"

நான் பதில் சொன்னதும் கண்ணை விரித்தான். "ஐயோ, நீங்க ரேடியோல பேசுறவங்கதானே! கொரல வச்சே கண்டுபிடிச்சிட்டேன் கா."

அவன் கதையை எழுத அவனிடம் அனுமதி கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். ரவாங்கில் வீடு, கிடங்கில் வேலை. பதினெட்டு வயதிலிருந்து அலகுக் காவடி எடுப்பவன். ஆண்டுதோறும் 48 நாள் சிகரெட், பீர் எதுவும் தொடமாட்டான். இடும்பன் பூஜை முடிந்த அன்று இரவே இரண்டும் திரும்பிவிடும். "48 நாள் விடுறது ஈசி கா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க, சாமி வேற பாக்குது. 49ஆவது நாள்தான் கஷ்டம். அன்னிக்கு யாருமே பாக்க மாட்டாங்க."

இரண்டு தைப்பூசத்துக்கு முன்னால், விரதத்தின் 39ஆவது நாள், நண்பன் வீட்டுக் கல்யாண விருந்து. ஒரு சிகரெட், ஒரு டின் பீர். யாரிடமும் சொல்லவில்லை. காவடியும் எடுத்தான். அருள் வரவில்லை. படியின் நடுவில் கால் மடங்கி விழுந்தான். அடுத்த வாரம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தண்டனை என்று முடிவு கட்டிக்கொண்டான். "சாமியே கைவிட்டாச்சு, இனி எதுக்கு ஒழுங்கா இருக்கணும்னு தோணிச்சு கா. ஒரு நாளைக்கு ரெண்டு பெட்டி ஊதினேன்." ஃபுட்சால் ஆட்டத்தில் ஐந்து நிமிடம் ஓட முடியாமல் போனபோதுதான் நண்பர்கள் இவனைப் படியேற இழுத்து வந்தார்கள்.

எனக்குச் சாமி மேல் கோபம். அவனுக்குச் சாமியிடம் பயம். இருவரும் செய்ததோ ஒரே காரியம். உள்ளே இருந்த சண்டைக்கு உடம்பைத் தண்டித்தோம்.

பின்னர் ஒரு நிகழ்ச்சிக்குத் தயார் செய்யும்போது, இதற்கென்று உளவியலில் ஒரு தனித் துறையே வளர்ந்திருப்பதைப் படித்தேன். கென்னத் பார்கமென்ட், ஜூலி எக்ஸ்லைன் போன்றவர்கள் இதை 'சமயப் போராட்டம்' என்றே அழைக்கிறார்கள். 2014இல் எக்ஸ்லைன் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் ஆறு வகைகள் உண்டு. இறைவன் மேல் கோபம் அல்லது அவர் தண்டிக்கிறார் என்ற எண்ணம் ஒரு வகை. ஐயம் ஒரு வகை, நெறி தவறிவிட்டோம் என்ற உறுத்தல் இன்னொரு வகை. சமயத்தின் பெயரால் மற்றவர்களோடு வரும் மனக்கசப்புக்கும் அதில் இடம் உண்டு. இத்தகைய போராட்டத்தோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. படித்தபோது எனக்கு வந்தது வருத்தமல்ல, நிம்மதி. பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

நம்மிடமும் இதற்குப் பெயர் இருக்கிறதே என்று பிறகு தோன்றியது. இறைவனைப் பித்தன் என்று ஏசிய சுந்தரரை நாம் வன்தொண்டர் என்கிறோம். கோயிலை விட்டுத் தள்ளி வைக்கவில்லை. நால்வரில் ஒருவராக நிறுத்தினோம். பழத்துக்காக அப்பா அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு மலையேறிய பிள்ளையைத்தானே பழனியில் கும்பிடுகிறோம்!

இடும்பன் கதையை ஒவ்வொரு தைப்பூச ஒலிபரப்பிலும் இடைவெளி நிரப்பச் சொல்வேன். அகத்தியர் சொல்ல, இரண்டு மலைகளைத் தோளில் கட்டித் தூக்கி வந்தவன். இறக்கி வைத்தவன் மறுபடி தூக்க முடியாமல் பார்த்தால், மேலே ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டை மூள்கிறது. இத்தனை ஆண்டுகள் சொல்லியும் நானே அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்து தம்பியிடம் சொன்னேன்.

"மொத காவடி தூக்கினவனே முருகன்கூட சண்டை போட்டவன்தான்டா."

"ஆனா அவன் செத்துட்டானே கா."

"அப்புறம் எழுப்பி விட்டாரே."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஞாயிறுதோறும் ஏறினோம். கீழே இறங்கியதும் சைவக் கடையில் இரண்டு இட்லி, எனக்குத் தே ஓ கோசோங். முதல் நாள் அந்தச் சர்க்கரை இல்லாத தேநீர் மருந்து போல இருந்தது. இப்போது கெட்டிப்பால்தான் தொண்டையில் ஒட்டுகிறது. ஞாயிறு ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் சனி இரவு மாமாக் கடையில் உட்கார முடியாது. தூக்கம் அப்படித்தான் திரும்பியது. நவம்பர் மழையில் மூன்று வாரம் போகவில்லை. நான்காவது வாரமும் போகாமல் இருக்க நல்ல காரணம் தேடிக்கொண்டிருந்தேன். "உயிரோட இருக்கீங்களா கா?" என்று தம்பி செய்தி அனுப்பினான். போனேன். நிற்காமல் ஏற முடியவில்லை, ஒரு முறை நின்றேன். ஆண்டு முடிவில் சர்க்கரை 5.8. மருத்துவர் பெரிதாகப் பாராட்டவில்லை, "விடாதீர்கள்" என்றார். அது போதும்.

மின்படிக்கட்டு அமைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது வானொலியில் நேயர்களிடம் கருத்துக் கேட்டேன். முதியவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் அது வேண்டும். என் அம்மா கடைசி ஆண்டுகளில் கீழேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இருபது வயதுக்காரர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், நீங்கள் அதில் ஏறாதீர்கள்!

இந்த ஆண்டு விரதம் தொடங்குமுன், தம்பி தன் காவடிக் குழுவின் மூத்தவரைப் பார்க்கப் போனான். அலகு குத்திவிடும் அந்தப் பெரியவரிடம் 39ஆவது நாளைப் பற்றி முதன்முறையாகச் சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருக்கிறான். அவர் சொன்னது இதுதானாம்: "முருகன் என்ன கணக்குப்பிள்ளையாடா, நோட்டுல எழுதி வச்சு எலும்ப ஒடைக்கிறதுக்கு? நீ ராத்திரி ஒரு மணிக்கு மோட்டார் ஓட்டிட்டு விழுந்தே." அலகு வேண்டாம், இந்த ஆண்டு பால்குடம் மட்டும் எடு என்றும் சொல்லியிருக்கிறார்.

நானும் அந்த வாரத்தில் ஒன்று செய்தேன். ஓராண்டாகக் கைப்பேசியில் இருந்த அந்தப் பெண்ணின் குரல் பதிவுக்குப் பதில் பதிவு செய்தேன். ஏழு முறை பேசி, ஏழு முறை அழித்து, எட்டாவது முறை அனுப்பினேன். "அன்னிக்கு நம்பிப் பேசலம்மா. இன்னிக்கும் முழுசா தெரியல. எனக்கும் கோபம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குப் படி ஏறுவேன். உள்ள போகணும்னு கட்டாயம் இல்ல. வேணும்னா வா." இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. வருவாள் என்று ஒவ்வொரு வாரமும் கீழே வளைவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

தைப்பூச ஒலிபரப்பில் இம்முறை அடிக்கடி முழக்கமிடவில்லை. படியோரம் உட்கார்ந்து, ஏறுகிறவர்களின் மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே காற்றில் விட்டேன். தயாரிப்பாளர் காதுக்குள் கத்தினார், வானொலியில் மௌனம் பாவம் அல்லவா! தம்பி பால்குடத்தோடு என்னைக் கடந்து போனான். பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, அவன் ஏறிக்கொண்டிருந்தான்.

கடந்த ஞாயிறு அவன் வருவானா என்று எனக்குச் சந்தேகம். இடும்பன் பூஜை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. ஏழு பத்துக்கு வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"வியாழக்கிழமை ஒண்ணு ஊதிட்டேன் கா."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். பெட்டியக் கூட்டாளிகிட்டயே குடுத்துட்டேன்." பிறகு, "இந்தத் தடவ மறைக்கல. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றான்.

ஏறினோம். நடுவில் அவனுக்கு மூச்சு வாங்கியது, நான் காத்திருந்தேன். போன ஆண்டு இதே இடத்தில் காத்திருந்தவன் அவன். சீனப் பெரியவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். உச்சியில் தம்பி என்னைப் பார்த்தான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நான் கடைசிப் படியிலேயே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவனோடு குருக்களும் வாசல் வரை வந்தார். இத்தனை மாதங்களாக என்னைத் தூரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போலும். கையில் இலைத் தொன்னை. "சக்கரைப் பொங்கல்" என்று நீட்டினார்.

"எனக்குச் சர்க்கரை ஆகாது சாமி."

"அப்படியா? இரும்மா" என்று திரும்பிப் போய், வேறு தொன்னையில் சுண்டல் கொண்டு வந்தார். "இதுக்கென்ன, சாப்பிடு. உள்ள வந்து சாப்பிட்டாலும் சரி, இங்கயே சாப்பிட்டாலும் சரி."

அங்கேயே சாப்பிட்டேன். கடலை நன்றாக வெந்திருந்தது, தேங்காய் கொஞ்சம் தாராளம். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. தம்பி தன் சக்கரைப் பொங்கலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் இரண்டு கடலையை எடுத்துப் பக்கத்துப் படியில் வைக்கப் போனேன்.

"குடுக்காதீங்க கா, பழகிடும்" என்றான்.